எந்த அமீபா? எந்த வழி?



இன்று நான் பேச வந்திருக்கும் பொருள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அவ்வளவுதான் அதன் அளவு. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அது கிளப்பியிருக்கும் அச்சம் மிகப் பெரியது. "மூளையைத் தின்னும் அமீபா" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன, தொலைக்காட்சிகள் முழங்குகின்றன. உடனே வீடுகளில் கேள்விகள் எழுகின்றன. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பலாமா? தோட்டத்து மண்ணைத் தொடலாமா?

கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவற்றுக்கு விடை சொல்வதற்கு முன் நாம் கேட்க வேண்டிய வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த அமீபா? அது எங்கே இருக்கிறது? அது எந்த வழியாக உடலுக்குள் வருகிறது? இந்த மூன்றையும் கேட்காமல் அஞ்சுவது வீண். கேட்காமல் அலட்சியமாக இருப்பது ஆபத்து. இதுதான் என் பேச்சின் சாரம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அமீபா எங்கும் இருக்கிறது. உங்கள் வீட்டுத் துளசி மாடத்து மண்ணில் இருக்கிறது. வயலில் இருக்கிறது, குளத்தில் இருக்கிறது, காற்றில் பறக்கும் புழுதியில் இருக்கிறது. வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை அங்கே என்ன செய்கின்றன? பாக்டீரியாக்களைத் தின்கின்றன. தின்றதில் மிஞ்சும் நைட்ரஜனை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. பயிரின் வேர் அதை எடுத்துக்கொள்கிறது. நாம் உண்ணும் சோற்றில் அமீபாவின் உழைப்பும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

ஆகவே, "எங்கள் ஊர்த் தண்ணீரில் அமீபா கண்டுபிடிக்கப்பட்டது" என்று யாராவது சொன்னால் அது செய்தியே இல்லை. எந்த அமீபா என்று சொன்னால்தான் செய்தி.

வயிற்றுக்கடுப்பும் சீதபேதியும் உண்டாக்கும் அமீபாவை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதன் பெயர் என்டமீபா. அது மனிதக் குடலில் வாழ்வது, அசுத்தமான உணவாலும் நீராலும் பரவுவது. நான் பேசப் போவது அதைப் பற்றி அல்ல. மண்ணிலும் நீரிலும் தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டு, மனிதனை நம்பியே இராத அமீபாக்கள் உண்டு. அவற்றுள் மிகச் சில, தற்செயலாக நம் உடலுக்குள் நுழைந்தால் கொடிய நோயாக மாறுகின்றன. அந்தச் சிலவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்த ஆபத்தை மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான்? கதை அமெரிக்காவில், 1950களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. இளம்பிள்ளைவாதத்துக்குத் தடுப்பூசி தயாரித்துக்கொண்டிருந்த காலம். குரங்கின் சிறுநீரகச் செல்களை வளர்த்து, அதில் தடுப்பூசியின் பாதுகாப்பைச் சோதிப்பார்கள். அப்படிச் சோதித்தபோது சில குடுவைகளில் செல்கள் அழிந்துகிடந்தன. வைரஸ் என்று முதலில் நினைத்தார்கள். கிளைட் கல்பர்ட்சன் என்ற மருத்துவர் உற்றுப் பார்த்தார். வைரஸ் இல்லை, அமீபா! அதை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் செலுத்திப் பார்த்தார். மூளை வீங்கி அவை மாண்டன. மண்ணில் வாழும் ஒன்று மூளையைத் தாக்குகிறது என்றால், மனிதனையும் தாக்கக்கூடும் என்று அவர் எச்சரித்தார்.

எச்சரிக்கை வீண்போகவில்லை. 1965இல் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபௌலர், கார்ட்டர் என்ற இரு மருத்துவர்கள் நான்கு மரணங்களைப் பற்றி எழுதினார்கள். மூளைக்காய்ச்சல். ஆனால் பாக்டீரியா இல்லை. மூளையில் அமீபா இருந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த முதல் கட்டுரையில் அவர்கள் அதை அகாந்தமீபா என்ற வகையாகத்தான் கருதினார்கள். பின்னர்தான் அது வேறு இனம் என்று தெளிந்தது. 1970இல் கார்ட்டர் அதற்கு நெக்லேரியா ஃபௌலெரி என்று பெயர் வைத்தார். கண்டுபிடித்தவர்களுக்கே ஆரம்பத்தில் ஆள் மாறிப்போயிற்று! அடையாளம் காண்பது எவ்வளவு அரிய வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தியாவுக்கு இது புதிதா? அதுவும் இல்லை. 1971லேயே கொல்கத்தாவிலிருந்து இரண்டு குழந்தைகளின் நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். நாம்தான் கேரளத்தில் இந்த நோய் வந்த செய்திகளைக் கேட்ட பிறகு விழித்துக்கொண்டோம்.

சரி, அஞ்ச வேண்டியவை எவை? முக்கியமாக மூன்று.

முதலாவது, நெக்லேரியா ஃபௌலெரி. வெதுவெதுப்பான நன்னீரை விரும்புவது. 45 டிகிரி வெப்பத்திலும் செழிப்பது. மூக்கு வழியாக நீர் ஏறும்போது அதனுடன் ஏறி, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் போகிறது. நோய் தொடங்கினால் சில நாட்களில் உயிர் போய்விடுகிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவான 164 நோயாளிகளில் பிழைத்தவர்கள் 4 பேர்.

இரண்டாவது, அகாந்தமீபா. இது மண்ணிலும் குழாய் நீரிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மெல்ல வளரும் மூளைநோயைத் தருகிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் கருவிழியில் புண்ணை உண்டாக்குகிறது. நிலைமை மோசமானால் இதன் சிஸ்ட், அதாவது கடினமான கூட்டுக்குள் அடங்கிய நிலை, இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். குழாய் நீரில் நாம் கலக்கும் குளோரின் அதை அசைத்துவிடாது.

மூன்றாவது, பலமூதியா மாண்ட்ரில்லாரிஸ். 1986இல் சான் டியாகோவில் இறந்த ஒரு மாண்ட்ரில் குரங்கின் மூளையில் இது கிடைத்தது. இதற்கு 1993இல் முறையாகப் பெயரிட்ட குழுவில் முதன்மையானவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றிய கோவிந்த விஸ்வேஸ்வரா. நம்மவர் ஒருவர் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். ஒரு தோட்டத்து மண், ஒரு வீட்டுக் குழாயின் நீர், இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. உள்ளே யார் இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

முதல் படி, மாதிரி எடுப்பது. குழாய் நீர் என்றால் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ எடுக்கிறோம். அதோடு நிற்பதில்லை. குழாயின் வாயை, ஷவரின் துளைகளை, தொட்டியின் அடிச் சேற்றைப் பஞ்சால் துடைத்தும் எடுக்கிறோம். ஏன்? அமீபா ஓடும் நீரைவிட, குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்பான பாக்டீரியாப் படலத்தில்தான் அதிகம் தங்குகிறது. அதன் உணவு அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று மிக முக்கியம். மாதிரியை ஐஸில் வைக்கக் கூடாது! பாக்டீரியாச் சோதனைக்கு எடுத்த நீரைக் குளிரில் வைத்தே பழகியவர்கள் இதில் தவறிவிடுகிறார்கள். நெக்லேரியா குளிரைத் தாங்காது. குளிர்பெட்டியில் வந்து சேரும் மாதிரியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வரும். உண்மையில் அது வழியிலேயே செத்திருக்கும்.

இரண்டாம் படி, வடிகட்டுவது. நீரை நுண்துளைச் சவ்வில் வடிக்கிறோம், அல்லது சுழற்றி அடியில் படிய வைக்கிறோம். மண் என்றால் உப்புக்கரைசலில் கலக்கித் தெளிய விடுகிறோம்.

மூன்றாம் படிதான் அழகானது. சத்தே இல்லாத அகார் தட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் ஈ.கோலை பாக்டீரியாவை மெல்லிய படலமாகப் பூசுகிறோம். நடுவில் மாதிரியை வைக்கிறோம். முற்றத்தில் அரிசியை இறைத்துவிட்டு எந்தப் பறவை வருகிறது என்று பார்ப்பதைப் போன்ற வேலை இது. அகாரில் சத்து இல்லாததால் பாக்டீரியா பெருகி எல்லாவற்றையும் மூடிவிடாது. அமீபா மட்டும் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே வெளிப்பக்கமாக நகரும். அது போன தடம் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். சில நாட்களில் தெரியலாம். இரண்டு வாரம்வரை பொறுத்திருக்கவும் நேரலாம். முன்னணியில் நிற்பதை அகாரோடு சேர்த்துச் சிறு கட்டியாக வெட்டிப் புதுத் தட்டில் கவிழ்த்தால், கலப்பில்லாத வளர்ப்பு கிடைத்துவிடும்.

மண் அமீபாக்கள் எந்த பாக்டீரியாவைத் தின்னும், எதை ஒதுக்கும் என்று 1940களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்தவர் ஓர் இந்தியர். பி.என். சிங். பின்னாளில் லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறையை அவர் வளர்த்தார். கல்பர்ட்சன் கண்ட அந்தக் குடுவை அமீபாவுக்குக் கல்பர்ட்சோனி என்று 1970இல் பெயர் சூட்டியதும் சிங்கும் அவருடன் பணியாற்றிய தாஸும்தான்.

தட்டில் அமீபா வந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை, இப்போதுதான் தொடங்குகிறது!

அகாந்தமீபாவை உருவத்தால் கண்டுகொள்வது எளிது. உடலெங்கும் முள் முள்ளாக நீட்சிகள் தெரியும். சிஸ்டுக்கு இரட்டைச் சுவர் இருக்கும். வெளிச்சுவர் சுருங்கியிருக்கும், உட்சுவர் நட்சத்திரமாகவோ பலகோணமாகவோ இருக்கும். பார்த்ததும் அகாந்தமீபா என்று சொல்லிவிடலாம். ஆனால் கெடுதல் செய்யும் வகையா, சாதுவா? உருவம் சொல்லாது. அதனால் வெப்பத்தில் வளர்த்துப் பார்க்கிறோம். நம் உடல் வெப்பமான 37 டிகிரியையும் அதற்கு மேலும் தாங்குகிறதா? மானிடால் கலந்த அடர்த்தியான அகாரைத் தாங்குகிறதா? தாங்கினால் சந்தேகப்படுகிறோம். பிறகு மரபணுவைப் படிக்கிறோம். டி1, டி2 என்று வரிசையாக எண்ணிட்ட மரபு வகைகள் இதில் இருபதுக்கும் மேல் உள்ளன. கண் நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது டி4 என்ற வகை. வேடிக்கை என்னவென்றால், மண்ணிலும் நீரிலும் அதிகம் கிடைப்பதும் அதே டி4தான்.

நெக்லேரியாவுக்கு வேறு சோதனை இருக்கிறது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டுக் காத்திருங்கள். ஓரிரு மணி நேரத்தில் உருவம் மாறி, இரண்டு கசையிழைகளை நீட்டி, விர்ரென்று நீந்தத் தொடங்கும்! அகாந்தமீபா ஒருநாளும் இப்படிச் செய்யாது. இனம் தெரிந்துவிட்டது. ஆனால் அது ஃபௌலெரிதானா? 45 டிகிரியில் வளர்கிறதே, அதுவே சான்று ஆகாதா?

ஆகாது. நெக்லேரியா லோவேனியென்சிஸ் என்று ஒரு உறவுக்காரர் இருக்கிறார். அதே வெப்பத்தில் வளர்வார், அதே உருவம், அதே நீச்சல். ஆனால் மனிதனுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. முற்காலத்தில் எலியின் மூக்கில் செலுத்தி, அது சாகிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். இன்று பி.சி.ஆர் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு பழகிப்போன அதே பி.சி.ஆர்தான். மரபணுத் துண்டை வைத்து, இவர் ஃபௌலெரி, இவர் லோவேனியென்சிஸ் என்று சில மணி நேரத்தில் அது சொல்லிவிடுகிறது.

பலமூதியா எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? நம் தட்டில் அது வரவே வராது. ஏன்? அது பாக்டீரியாவைத் தின்பதில்லை. மற்ற அமீபாக்களைத் தின்கிறது. ஈ.கோலையை நாம் எவ்வளவு பூசினாலும் அது எட்டிப் பார்க்காது. கலிஃபோர்னியாவில் ஒரு நோயாளியின் வீட்டுப் பூந்தொட்டி மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது ஆராய்ச்சியாளர்கள் கொண்டாடினார்கள் என்றால் காரணம் இதுதான். தட்டில் ஒன்றும் வரவில்லை என்பதால் மண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பாடத்தை மாணவர்கள் மறக்கக் கூடாது.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். எந்த வழி?

முதலில் ஃபௌலெரியின் வழி. தென் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போவோம். அங்கே போர்ட் அகஸ்டா போன்ற ஊர்களுக்குத் தொலைவிலிருந்து தண்ணீர் வந்தது. குழாய்கள் பூமிக்கு மேலே, வெயிலில் கிடந்தன. வெயில் குழாயைச் சுட்டது, குழாய் நீரைச் சுட்டது, நீர் அமீபாவை வளர்த்தது. குளோரின் அளவைக் கூட்டி, இடைவிடாமல் நீரைச் சோதித்த பிறகுதான் நோய் அடங்கியது. நம் மொட்டை மாடிகளில் சித்திரை வெயிலில் காயும் கறுப்புத் தொட்டிகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழாய்க்கும் இந்தத் தொட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம்?

அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் இருவர் இறந்தார்கள். அவர்கள் குளத்தில் குளிக்கவில்லை. சைனஸ் தொல்லைக்காக, குழாய் நீரை அப்படியே மூக்கில் ஊற்றிக் கழுவினார்கள். நம் ஊரில் ஜலநேத்தி என்று செய்கிறோமே, அதே முறை. ஊருக்குப் பொதுவாக வந்த நீரில் எடுத்த மாதிரிகளில் அமீபா இல்லை. அவர்கள் வீட்டுக்குள் இருந்த குழாய் அமைப்பில் இருந்தது.

கராச்சியில் நோய்வாய்ப்பட்டவர்களில் பலர் நீந்தச் செல்லாதவர்கள். குளோரின் குறைந்த நீரை, தொழுகைக்கு முன் உளூ செய்யும்போது மூக்கில் ஏற்றியதே வழி என்று மருத்துவர்கள் கண்டார்கள். வழிபாட்டில் குறையில்லை, நீரில்தான் குறை. காய்ச்சி ஆறிய நீரைப் பயன்படுத்தினால் போதும்.

கேரளத்தில் 2016இல் ஆலப்புழையில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது. 2024இலும் 2025இலும் அமீபா மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது. ஆனால் அதே கேரளத்தில் 2024இல் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். எப்படிப் பிழைத்தான்? சீக்கிரம் சந்தேகப்பட்டார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், சீக்கிரம் மருந்து கொடுத்தார்கள். அடையாளம் காண்பது ஆய்வுக்கூடத்துப் பொழுதுபோக்கு இல்லை, நண்பர்களே. அது உயிர்.

இந்த நான்கு நாட்டுக் கதையிலும் பொதுவானது எது? மூக்கு! குடித்ததால் ஒருவருக்கும் இந்த நோய் வரவில்லை. குடித்த நீரில் ஃபௌலெரி இருந்தாலும் வயிற்று அமிலம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

கண்ணின் கதை வேறு. மேல்நாடுகளில் அகாந்தமீபா கண்புண் என்றால் கான்டாக்ட் லென்ஸ்காரர்களின் நோய். லென்ஸைக் குழாய் நீரில் கழுவுகிறார்கள், அதை மாட்டிக்கொண்டே குளிக்கிறார்கள். நம் நாட்டில் யாருக்கு வருகிறது? 1990லேயே மதுரையிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள், கான்டாக்ட் லென்ஸைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கு இந்த நோய் வருகிறது என்று. கதிர் அறுக்கும்போது கண்ணில் தூசி விழுந்தவர், நெல் சுனை பட்டவர், சேற்று நீர் தெறித்தவர். கண்ணில் ஏதாவது விழுந்ததும் வாய்க்கால் நீரை அள்ளிக் கழுவுகிறார்கள், இலைச்சாறு பிழிகிறார்கள். பிறகு பூஞ்சைப் புண் என்றோ, ஹெர்பிஸ் என்றோ நினைத்து மருந்து போடப்படுகிறது. வலியோ தாங்க முடியாது. புண்ணின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் பொருத்தமே இருக்காது. அந்தப் பொருத்தமின்மையே ஓர் அடையாளம். கருவிழியைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இரட்டைச் சுவர் சிஸ்ட் தெரிந்துவிடும். சீக்கிரம் தெரிந்தால் பார்வை தப்பும்.

அமீபா தனக்குள் குடிவைத்திருப்பவர்களையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா அமீபாவுக்குள் புகுந்து பெருகுகிறது என்று 1980இல் ரோபோத்தம் என்ற ஆங்கிலேயர் காட்டினார். ஆகவே, அமீபா பெருகிக் கிடக்கும் தொட்டி வேறு சிலவற்றுக்கும் இடம் கொடுக்கிறது.

முடிவாக, செய்ய வேண்டியது என்ன?

வீட்டில் இருப்பவர்களே! தொட்டியைக் காலி செய்து, அடிச் சேற்றையும் சுவர் வழுக்கலையும் தேய்த்துக் கழுவுங்கள். கிணறு என்றால் அளவறிந்து குளோரின் இடுங்கள். மூக்குக்குள் விடும் நீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் தலைகீழாகக் குதிக்காதீர்கள். லென்ஸுக்குக் குழாய் நீர் கூடவே கூடாது. வயலில் கண்ணில் அடிபட்டால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். ஆனால் மண்ணைக் கண்டு அஞ்சாதீர்கள். தோட்டவேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், காயம் இருந்தால் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். அவ்வளவுதான்.

உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களே! இந்தியத் தர நிர்ணயம், குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நீரேற்று நிலையத்தில் அளந்து ஏட்டில் எழுதினால் போதாது. கடைசித் தெருவின் கடைசி வீட்டில் அளந்து பாருங்கள்.

மருத்துவர்களே, ஆய்வுக்கூட நண்பர்களே! மூளைக்காய்ச்சல் நோயாளி வந்தால், கடந்த இரண்டு வாரத்தில் எந்த நீரில் குளித்தார், மூக்கில் நீர் ஏறியதா என்று கேளுங்கள். முதுகுத் தண்டுவட நீரைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல், எடுத்த உடனே ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். வெள்ளணு என்று நீங்கள் கடந்து போவது நகர்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

மாணவர்களே! உங்கள் கல்லூரியில் அகார் இருக்கிறது, ஈ.கோலை இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது. ஆசிரியரின் மேற்பார்வையில், பாதுகாப்பு விதிகளைக் கைக்கொண்டு, உங்கள் ஊர் மண்ணையும் நீரையும் ஆராயுங்கள். நம் மாவட்டங்களின் குளங்களில், கிணறுகளில், தொட்டிகளில் எந்த அமீபா வாழ்கிறது என்ற பட்டியலை வேறு யாரும் வந்து எழுதித் தர மாட்டார்கள். அந்த வேலை உங்களுடையது, அதை இந்த ஆண்டே தொடங்குங்கள்.